பேட்ஜ் யார் சட்டையில்?

பட்டிமன்றத் தலைப்பு: கொடுப்பது பிறர் அறியவா, அறியாமலா?
'பிறர் அறியக் கொடுப்பதே சிறப்பு' அணியின் இரண்டாவது பேச்சு

     

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் பிரமாதமாகப் பேசினார். ஒரு கோயில் மண்டபத்தில் மின்விசிறி மாட்டியிருக்காங்களாம். மூணு இறக்கையிலும் 'உபயம்' என்று போட்டு, கொடுத்தவர் பெயர், அவர் அப்பா பெயர், கடை பெயர் எல்லாம் எழுதியிருக்காம். விசிறி சுத்தினா பேரைப் படிக்க முடியாதுன்னு அதைப் போடவே விடமாட்டேங்கிறாராம் அந்த உபயதாரர். (சிரிப்பு) "இதுதான் பிறர் அறியக் கொடுக்கிற லட்சணம்" என்று சொல்லிக் கைதட்டலையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அதே மூச்சில் நீங்கள் பாரியையும் சொன்னீர்கள். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி. அந்தப் பாரி யாருக்கும் தெரியாமல், ராத்திரியோடு ராத்திரியாகத் தேரை நிறுத்திவிட்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால், இன்றைக்கு உங்களுக்கு அந்தப் பெயர் எப்படித் தெரிந்தது?

நடுவர்: முல்லைக்கொடி சொல்லியிருக்குமோ என்னவோ! (சிரிப்பு)

சொல்லியிருக்காது ஐயா! வாங்கினவங்க பேசுறதில்லை. இந்த வழக்கில் முக்கியமான விஷயமே அதுதான். பேச்சை முடிக்கும்போது திரும்ப அதற்கு வருகிறேன்.

எதிரணியினர் ஒரு தப்புக்கணக்குப் போட்டுவிட்டார்கள். 'பிறர் அறிய' என்றால் கொடுத்தவர் பெயர் தெரிய வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் அதைச் சொல்லவே இல்லை. பெயர் தெரிய வேண்டாம். தொகை தெரிய வேண்டாம். கொடுக்கிற செயல் ஊருக்குத் தெரியட்டும் என்கிறோம். இரண்டும் ஒன்றா? இல்லை. அந்த வித்தியாசத்தைப் புரியவைக்க, நான் இன்றைக்கு ஒரு சின்னப் பொருளை உங்கள் முன்னால் சாட்சியாக நிறுத்துகிறேன். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். பேட்ஜ்!

சட்டையில் ஊசியால் குத்திக்கொள்கிற பேட்ஜ். சில சமயம் காகிதப் பூ, சில சமயம் துணிப் பூ, சில சமயம் சின்னக் கொடி, சில சமயம் எனாமல் பூசிய உலோக வில்லை. நூறு, நூற்றிருபது வருடங்களுக்கு முன்னால் இங்கிலாந்திலும் ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலும் இதை விற்று, அந்தக் காசில் ஆதரவற்ற குழந்தைகளுக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். எங்கேயோ நடந்த கதை என்று தள்ளிவிடாதீர்கள். நம் வழக்குக்குத் தீர்ப்பு அங்கே இருக்கிறது.

1866. அயர்லாந்தின் டப்ளின் நகரத்திலிருந்து தாமஸ் பர்னார்டோ என்ற இளைஞர் லண்டனுக்கு வருகிறார். டாக்டருக்குப் படித்துவிட்டுச் சீனாவுக்குப் போய் மதத்தொண்டு செய்யவேண்டும் என்பது அவர் கனவு. வந்த வருடத்திலேயே கிழக்கு லண்டனைக் காலரா வாரிக்கொண்டு போனது. அப்பா அம்மாவை இழந்த பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். ஜிம் ஜார்விஸ் என்று ஒரு பையன், இவரை ராத்திரியில் கூட்டிக்கொண்டு போய், தன்னைப் போன்ற பையன்கள் கூரை மேல் குளிரில் சுருண்டு படுத்திருப்பதைக் காட்டினான் என்று பர்னார்டோ பிற்பாடு சொல்லியிருக்கிறார். அப்புறம் சீனாவாவது ஒன்றாவது! 1870-ல் ஸ்டெப்னி பகுதியில் பையன்களுக்காக ஒரு இல்லம் திறந்தார்.

இல்லம் நிரம்பிவிட்டது. ஒரு நாள் பதினோரு வயதுப் பையன் ஒருவன் வந்து கேட்டான். தலைமுடி சிவப்பு. அதனால் 'கேரட்' என்று பட்டப்பெயர். "இடம் இல்லப்பா, அப்புறம் வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சில நாள் கழித்து அந்தப் பையன் பசியிலும் குளிரிலும் செத்துக் கிடந்தான்.

(அரங்கில் அமைதி)

அதற்குப் பிறகு இல்லத்து வாசலில் ஒரு பலகை ஏறியது. ஆதரவற்ற எந்தக் குழந்தையையும் இங்கே திருப்பி அனுப்புவதில்லை என்பது அதன் பொருள். பலகை எழுத எவ்வளவு செலவாகும் ஐயா? கொஞ்சம் பெயிண்ட். ஆனால் அந்தப் பலகையைக் காப்பாற்ற எவ்வளவு செலவாகும்? 1905-ல் பர்னார்டோ இறக்கும்போது 96 இல்லங்கள். அவற்றில் 8,500-க்கு மேற்பட்ட குழந்தைகள். மூன்று வேளைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு இருபத்தையாயிரம் தட்டு!

எதிரணி நண்பர்களே, இந்த இருபத்தையாயிரம் தட்டை யாருக்கும் தெரியாமல் ரகசியமாக நிரப்ப முடியுமா? ஒரு பெரிய பணக்காரர் ரகசியமாகக் கொடுக்கலாம். ஒரு நாள் கொடுப்பார், ஒரு மாதம் கொடுப்பார். மறுநாளும் குழந்தைக்குப் பசிக்குமே! அதற்கு ஊரே சேரவேண்டும். ரகசியம் சொல்லி ஊரைக் கூட்ட முடியுமா?

அதனால்தான் 1891-ல் பர்னார்டோ 'இளம் உதவியாளர் சங்கம்' என்று ஒன்று ஆரம்பித்தார். யாருக்கு? பெரியவர்களுக்கு இல்லை, குழந்தைகளுக்கு! வசதியான வீட்டுப் பிள்ளைகள், வசதி இல்லாத பிள்ளைகளுக்காகக் காசு சேர்க்கும் சங்கம். கையில் உண்டியல், சட்டையில் சங்கத்தின் பேட்ஜ். திருச்சபையைச் சேர்ந்த மற்ற இல்லங்களும் இதே போலச் சிறுவர் சங்கங்களை நடத்தின. அந்தப் பேட்ஜ்களில் என்ன இருந்தது? சங்கத்தின் பெயர் இருந்தது. கொடுத்த பையனின் பெயர் இருந்ததா? இல்லை. அவன் அப்பாவின் பெயர்? இல்லை. கடை பெயர்? இல்லவே இல்லை. அண்ணனின் மின்விசிறிக்கு இதுதான் பதில். (கைதட்டல்)

அடுத்து, சுவீடனுக்குப் போவோம். 1907. கோத்தன்பர்க் நகரத்தில் பேடா ஹால்பர்க் என்ற அம்மையார். அந்தக் காலத்தில் காசநோய் வந்தால் குடும்பமே காலி. பெரிய மனிதர்களிடம் போய்க் கை ஏந்துவதை விட, எல்லோரும் வாங்கக்கூடிய ஒரு சின்னப் பூவை விற்றால் என்ன என்று யோசித்தார். சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னப் பூ. 'மே மலர்' என்று பெயர். பணக்காரரானாலும் சரி, கூலிக்காரரானாலும் சரி, ஒரே விலை, ஒரே பூ. வருடா வருடம் பூவின் நிறம் மாறும். விற்பது யார் தெரியுமா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்! அன்றைக்கு ஆரம்பித்தது இன்றைக்கும் நடக்கிறது. காசநோய் ஒடுங்கிய பிறகு, அந்தக் காசு வறுமையில் இருக்கும் குழந்தைகளுக்குப் போகிறது.

மறுபடி லண்டன். 1912, ஜூன் 26. அலெக்சாண்ட்ரா ராணி டென்மார்க்கிலிருந்து மருமகளாக இங்கிலாந்துக்கு வந்து ஐம்பதாவது வருடம் நடப்பதைக் கொண்டாடவேண்டும் என்றார்கள். அவர், "தோரணம் கட்டவேண்டாம், ரோஜாப் பூ விற்று நோயாளிகளுக்கு உதவுங்கள்" என்று விரும்பியதாகச் சொல்வார்கள். தெருவெல்லாம் பெண்கள் கூடையோடு நின்றார்கள். துணியால் செய்த காட்டு ரோஜா. வாங்கினவர்கள் கோட்டில் குத்திக்கொண்டு நடந்தார்கள். அந்தப் பணம் பெரும்பாலும் மருத்துவமனைகளுக்குப் போனது. ஆனால் அந்த ரோஜாவைச் செய்தது யார்? ஜான் க்ரூம் என்பவர் தொடங்கிய நிறுவனத்தில் இருந்த, கை கால் ஊனமுற்ற பெண்கள். அதே நிறுவனம் கிளாக்டன் என்ற கடற்கரை ஊரில் அநாதைச் சிறுமிகளுக்கு ஒரு இல்லமும் நடத்தியது. பூ செய்தவளுக்குக் கூலி, பூ வாங்கினவருக்குப் பெருமை, படுக்கையில் கிடக்கிற நோயாளிக்கு மருந்து. ஒரே ரோஜா, மூன்று வேலை!

நடுவர் அவர்களே! முதல் உலகப்போர் வந்தபோது இந்தப் பழக்கம் 'கொடி நாள்' என்று ஊர் ஊராகப் பரவியது. பூவுக்குப் பதில் சின்னக் காகிதக் கொடி. போர் முடிந்தும் பழக்கம் நிற்கவில்லை. இதில் இருக்கிற சூட்சுமத்தைப் பாருங்கள்.

ஒன்று, சின்னக் காசுக்கு மரியாதை. அந்தக் காலத்தில் ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. ஒரு பென்னியை எடுத்துக்கொண்டு ஒரு ஏழைத் தொழிலாளி இல்லத்து வாசலுக்குப் போய், "இந்தாங்க நன்கொடை" என்று நீட்ட முடியுமா? கூச்சப்படுவான். பூ வாங்க முடியும்! பூ வாங்கினால் அவனும் கொடுத்தவன். பக்கத்தில் போகிற பிரபு தங்கக்காசு போட்டாலும் அவர் கோட்டிலும் அதே பூதான். 240 பேர் சேர்ந்தால் ஒரு பவுண்டு.

இரண்டு, அது ஒரு ரசீது. காலையில் ஒரு முனையில் வாங்கிக் குத்திக்கொண்டவரை அடுத்த முனையில் மறுபடி மறிக்கமாட்டார்கள். நம்ம ஊர்ல உண்டியல் குலுக்குறவங்களைப் பார்த்தா நாம என்ன செய்வோம்? பஸ் வராத பக்கம் பார்த்து பஸ்ஸைத் தேடுவோம்! (சிரிப்பு) பூ குத்தினவருக்கு அந்தக் கவலை இல்லை. தலை நிமிர்ந்து போகலாம்.

மூன்று, கணக்கு. ரகசியமாகக் கொடுத்த காசு எங்கே போச்சு என்று யார் கேட்பது? பூ என்றால் எண்ணிக் கொடுக்கலாம், மீதியை எண்ணி வாங்கலாம். போர்க்காலத்தில் இதிலும் ஏமாற்றுக்காரர்கள் புகுந்தார்கள். நான் மறைக்கவில்லை. உடனே 1916-ல் பிரிட்டனில் தெரு வசூலை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தது. கண்ணுக்குத் தெரிந்ததால்தானே சட்டம் வந்தது? இருட்டில் நடந்தால் சட்டத்துக்கு எப்படித் தெரியும்?

இப்போது எதிரணித் தலைவர் சிரிக்கிறார். அவர் பாக்கெட்டில் மூன்று கேள்வி வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அவர் எழுந்து கேட்பதற்கு முன்னால் நானே கேட்டுக்கொள்கிறேன்.

முதல் கேள்வி: "பேட்ஜ் பயமுறுத்தாதா?" பயமுறுத்தும் ஐயா. பயமுறுத்தியது. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியில், 1933 முதல் 'குளிர்கால உதவி' என்று வசூல் நடந்தது. விதவிதமான பேட்ஜ்கள். வாங்காதவன் மேல் சந்தேகம். கொடுத்த வீட்டுக் கதவில் ஒட்டுவதற்கு மாதா மாதம் ஒரு அட்டை. அட்டை இல்லாத கதவை ஊரே முறைத்துப் பார்க்கும். கொஞ்ச வருடத்தில் யூதர்களை அந்த உதவியிலிருந்தே விலக்கியும் விட்டார்கள். அதன் பெயர் தர்மமா? அது வரி! வரியை விட மோசம், மிரட்டல். குத்திக்கொள்ளாமல் போகிற உரிமை எங்கே இல்லையோ, அங்கே அது பேட்ஜே இல்லை.

இரண்டாவது கேள்வி: "ஊருக்குக் காட்டவேண்டும் என்று இறங்கினால், குழந்தையையும் காட்டிக் காசு வாங்கமாட்டார்களா?" வாங்கினார்கள். நான் இவ்வளவு நேரம் புகழ்ந்தேனே, அதே பர்னார்டோ வாங்கினார். குழந்தை இல்லத்துக்கு வரும்போது கிழிசல் உடையில் ஒரு படம், வந்த பிறகு சுத்தமாக ஒரு படம். இரண்டையும் அட்டையில் ஒட்டி விற்றார். உள்ளதை விடப் பாவமாகக் காட்டுவதற்காக வேஷம் போட்டு எடுத்த படங்களும் அதில் உண்டு என்று புகார் வந்தது. 1877-ல் மத்தியஸ்தர்கள் உட்கார்ந்து விசாரித்தார்கள். அவர் மேல் சொன்ன குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானதை ஏற்கவில்லை. ஆனால் அந்த வேஷப் படங்களைக் கண்டித்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டிலும் இது தொடர்ந்தது. 1869-ல் தொடங்கிய 'தேசிய குழந்தைகள் இல்லம்' என்ற நிறுவனம் 'சன்னி ஸ்மைல்ஸ்' என்று சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டது. பக்கத்துக்குப் பக்கம் ஒரு குழந்தையின் சிரித்த முகம். காசு போட்டால் ஒரு படத்தைக் கிழித்துக் கொடுப்பார்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வீடு வீடாகக் கொண்டு போனார்கள். நல்ல எண்ணம்தான். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் வாங்குகிறவர் என்ன செய்வார்? புத்தகத்தைப் புரட்டி, அழகாக இருக்கிற குழந்தையைப் பார்த்து, "இதைக் கொடு" என்பார். அப்படியானால் கடைசி வரைக்கும் கிழிபடாமல் ஒரு படம் மிஞ்சுமே, அந்தக் குழந்தை?

(கைதட்டல்)

மூன்றாவது கேள்விதான் கனமானது. "பேட்ஜ் குத்தினவன் கடமை முடிந்தது என்று போய்விடமாட்டானா?" போனான் ஐயா. இதில் எனக்கு வாதாடவே மனம் இல்லை. 1882 முதல் பர்னார்டோ இல்லங்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய 30,000 குழந்தைகளைக் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பினார்கள். மற்ற நிறுவனங்களும் அனுப்பின. பையன்களுக்குப் பண்ணை வேலை, பெண் பிள்ளைகளுக்கு வீட்டு வேலை. சிலருக்கு நல்ல வாழ்க்கை கிடைத்தது. பலருக்கு அடியும் தனிமையும்தான் கிடைத்தது. அத்தனை பேரும் அநாதையும் இல்லை. அம்மா உயிரோடு இருந்த பிள்ளைகளும் அந்தக் கப்பலில் இருந்தார்கள். பிற்பாடு ஆஸ்திரேலியாவுக்கும் இப்படிப் பிள்ளைகள் போனார்கள். 2009-ல் ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கேட்டார். 2010-ல் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன் மன்னிப்புக் கேட்டார். கப்பல் ஏறின பிள்ளைகளில் எத்தனை பேர் அதைக் கேட்க உயிரோடு இருந்தார்கள்?

அந்த வருடங்களிலும் லண்டன் தெருவில் சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு நல்லவர்கள் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். "நான் கொடுத்த காசு எங்கே போகிறது? அந்தப் பையன் இப்போது எங்கே?" என்று கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. பேட்ஜைப் பார்த்தார்கள், பிள்ளையைப் பார்க்கவில்லை.

அப்படியானால் எதிரணி ஜெயித்துவிட்டதா? இல்லை நடுவர் அவர்களே. என் கட்சி இனிமேல்தான் ஆரம்பிக்கிறது. இந்தக் குற்றங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். மிரட்டல் ஒரு பக்கம் இருக்கட்டும். மற்ற இரண்டிலும் என்ன நடந்தது? ஒன்றில், குழந்தையை ஊர் முன்னால் நிறுத்தினார்கள். இன்னொன்றில், கொடுத்தவன் கேள்வி கேட்காமல் ஒதுங்கிக்கொண்டான். காட்டக்கூடாததைக் காட்டினார்கள், பார்க்கவேண்டியதைப் பார்க்கவில்லை. அது பேட்ஜின் தப்பா?

இன்னும் பின்னால் போகிறேன். 1697. இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. ஊர்ப் பணத்தில் உதவி வாங்குகிற ஒவ்வொரு ஏழையும், அவன் மனைவியும், அவன் பிள்ளைகளும், வலது தோளில் சிவப்பு அல்லது நீலத் துணியில் ஒரு எழுத்தைத் தைத்துக்கொள்ளவேண்டும். ஏழை என்பதைக் குறிக்கும் 'பி' என்ற எழுத்து, கூடவே ஊரின் முதல் எழுத்து. தைத்துக்கொள்ள மாட்டேன் என்றால்? உதவியை நிறுத்தலாம். சாட்டையடி கொடுக்கலாம். இருபத்தொரு நாள் வரைக்கும் கடுங்காவல் வேலை வாங்கலாம். 1810 வரைக்கும், நூறு வருடத்துக்கு மேல், இந்தச் சட்டம் புத்தகத்தில் இருந்தது.

பேட்ஜ் என்றால் அன்றைக்கு அதுதான் ஐயா! வாங்குகிறவன் தோளில். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போகிற ஐந்து வயதுக் குழந்தையின் தோளில். யார் கொடுத்தார்கள் என்று ஊருக்குத் தெரியாது. யார் வாங்கினார்கள் என்று ஊருக்கே தெரியும். எதிரணி கேட்கிற ரகசியம் அங்கே முழுசாக இருந்தது. கொடுத்தவன் மறைந்தே இருந்தான்.

அந்தப் பேட்ஜ் ஏழையின் தோளை விட்டு இறங்கி, கொடுப்பவன் நெஞ்சுக்கு வர எத்தனை காலம் ஆச்சு! 1891-ல் சங்கத்துப் பிள்ளைகளின் சட்டைக்கு வந்தது. 1907-ல் மே மலராக வந்தது. 1912-ல் ரோஜாவாக வந்தது. அதை மறுபடி கழற்றி ஒளித்துவைக்கச் சொல்கிறீர்களா? நீங்கள் ஒளிந்துகொண்டால் வெளிச்சம் யார் மேல் விழும்? வரிசையில் நிற்கிறானே, அவன் மேல்தான் விழும்.

நடுவர் அவர்களே, எனக்கு மணி அடிக்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது. ஒரு நிமிஷம். இதைச் சொல்லாமல் உட்கார்ந்தால் நான் ஏன் இந்த அணியில் பேசுகிறேன் என்று தெரியாது.

நான் ஏழாவது படித்தபோது ஒரு நாள் வகுப்புக்கு ஒரு காகிதத்தோடு வாத்தியார் வந்தார். இலவச நோட்டுப் புத்தகத்துக்குப் பட்டியல் எடுக்கணும். "அப்பா இல்லாத பிள்ளைங்க எல்லாம் எழுந்திரிங்க" என்றார். அவர் நல்லவர். எங்கள் மேல் பிரியமானவர். அவருக்கு அது ஒரு பட்டியல், அவ்வளவுதான். நான் எழுந்து நின்றேன். நாலு பேர் நின்றோம். என் பக்கத்தில் இரண்டு வருடமாக உட்கார்ந்திருந்த பையனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கேலியாகப் பார்க்கவில்லை. பாவமாகப் பார்த்தான். கேலி பண்ணியிருந்தா சண்டை போட்டிருப்பேன். பாவத்துக்கு என்ன பண்றது?

நோட்டு வந்தது. நல்ல நோட்டு. அதில்தான் படித்தேன். கொடுத்த புண்ணியவான் யார் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. எதிரணி சொல்கிற மாதிரி, யாரும் அறியாமல் கொடுத்தவர். ஆனால் வாங்கினது நான் என்று வகுப்புக்கே தெரியும்.

அதே வருடம், டிசம்பர் 7. நம்ம நாட்டுக் கொடி நாள். 1949-லிருந்து ராணுவ வீரர்களின் குடும்பங்களுக்காக நாம் கொண்டாடுகிற நாள். அந்த லண்டன் தெருவில் விற்ற காகிதக் கொடியின் தம்பிதான் இதுவும். "பத்துப் பைசா வேணும்மா" என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்து, கொடியை வாங்கி, சட்டையில் குத்திக்கொண்டேன். என் பக்கத்தில் இருந்த அந்தப் பையன் சட்டையிலும் அதே கொடி. அன்றைக்கு அவன் என்னைப் பார்த்தபோது அந்தப் பாவம் இல்லை. அவனும் பத்துப் பைசா, நானும் பத்துப் பைசா. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்வரைக்கும் அந்தக் கொடியை நான் கழற்றவே இல்லை. ராத்திரி அம்மாதான் கழற்றி, சுவரில் மாட்டியிருந்த அப்பா படத்தின் ஓரத்தில் குத்தி வைத்தாள்.

(நீண்ட கைதட்டல்)

அதே சட்டைதான் ஐயா. ஒரு நாள் 'வாங்குகிறவன்' என்ற அடையாளம். இன்னொரு நாள் 'கொடுக்கிறவன்' என்ற அடையாளம். இரண்டையும் போட்டுப் பார்த்தவன் சொல்கிறேன். முதலாவது எவ்வளவு கனம், இரண்டாவது எவ்வளவு லேசு என்று எனக்குத் தெரியும்.

முதலில் சொன்னேனே, வாங்கினவங்க பேசுறதில்லைன்னு. ஏன் பேசுறதில்லை? வெட்கம். அந்த வெட்கத்தை யார் கொடுத்தது? நாம்தான் கொடுத்தோம். தட்டை நீட்டும்போது படம் எடுத்து, மேடையில் நிறுத்தி, "பயனாளிகள் எல்லாம் வரிசையா நில்லுங்க" என்று சொல்லி, நாம்தான் கொடுத்தோம்.

அந்தப் பெரிய இல்லங்களின் காலம் அங்கே மாறிவிட்டது. பர்னார்டோ நிறுவனமே 1966-ல் தன் பெயரிலிருந்து 'இல்லங்கள்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. குழந்தையை ஒரு குடும்பத்தோடு சேர்த்து வைப்பதுதான் நல்லது என்று கற்றுக்கொண்டார்கள். பட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள். சுவீடன் பூ மட்டும் இன்னும் பூக்கிறது. ஏன்? அங்கே பூவை விற்கிற பிள்ளைகளில் யார் வீட்டுக்கு அந்த உதவி போகிறது, யார் வீட்டுக்குப் போகவில்லை என்று சட்டையைப் பார்த்துச் சொல்லமுடியாது. எல்லோர் சட்டையிலும் பூ. அந்தக் குழந்தை எது என்பது மட்டும் ரகசியம். அதுதான் காக்கவேண்டிய ரகசியம்!

ஆகவே நடுவர் அவர்களே, எதிரணி கேட்கிற ரகசியத்தை நான் தரத் தயார். ஆனால் அதைக் கொடுப்பவருக்குத் தரமாட்டேன். வாங்குகிற குழந்தைக்குத் தருவேன். கொடுப்பவர் பகிரங்கமாகக் கொடுக்கட்டும். பெயர் போடாமல், படம் எடுக்காமல், சட்டையில் ஒரு பூவைக் குத்திக்கொண்டு ஊரறியக் கொடுக்கட்டும். பார்க்கிற இன்னொருவர், "இதென்ன பூ?" என்று கேட்கட்டும். குத்தியவர் மறுநாள் போய், "நான் கொடுத்த காசில் அந்தப் பிள்ளை சாப்பிட்டதா? இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்கட்டும். ஊருக்கு முன்னால் கொடுத்தவனுக்குத்தான் ஊருக்கு முன்னால் கணக்குக் கேட்கிற தைரியம் வரும்.

வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக்கு உங்கள் பிள்ளை வந்து கொடிக்கோ பூவுக்கோ காசு கேட்டால், "அதெல்லாம் எதுக்கு" என்று சொல்லாதீர்கள். முந்தானையில் முடிச்சு இருந்தால் அவிழுங்கள். அந்தப் பிள்ளைக்கு ஒரு நாளாவது கொடுக்கிறவனாக நிற்க ஆசை இருக்கும்.

பேட்ஜ் இருக்கட்டும் ஐயா. அது நம் சட்டையில் இருக்கட்டும். அந்தக் குழந்தையின் தோளில் வேண்டாம். பிறர் அறியக் கொடுப்பதே சிறப்பு என்று நல்ல தீர்ப்புத் தரும்படி நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.

(கைதட்டல்)